மருத்துவப் பரிசோதனையில் சொல்லும் சென்சிடிவிட்டிக்குத் தமிழில் 'பிடிதிறன்' சரிப்படுமா?

> உணர்திறன் என்று ஏற்கெனவே இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

இருக்கிறது, அதுதான் சிக்கலே. உணர்திறன் என்றால் படிப்பவருக்குத் தோலும் தொடுதிரையும்தான் நினைவுக்கு வரும். நான் எழுதிக்கொண்டிருப்பது மலப் பரிசோதனையில் குடற்புழு கண்டறிவது பற்றி, லேப்காரர்களுக்காக. புழு உள்ளவர் நூறு பேர் வந்தால் சோதனை எத்தனை பேரைப் பிடிக்கிறது? கேள்வி அவ்வளவுதான், அதனால் பிடிதிறன்.

மலத்தை அச்சால் அளந்து ஸ்லைடில் வைத்து, கிளிசரினில் ஊறிய செலோஃபேனால் மூடிப் புழு முட்டைகளை எண்ணும் கேட்டோ-காட்ஸ் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சுத் துளையில் கொள்ளும் மலம் 41.7 மில்லிகிராம், எண்ணிய முட்டைகளை 24ஆல் பெருக்கினால் கிராமுக்கு இத்தனை என்று வரும். ஸ்லைடு முழுக்கத் தேடி ஒரே ஒரு முட்டை கிடைத்தாலும் கணக்கில் 24 என்பதால், லேசான தொற்று ஒரே ஸ்லைடில் தப்பிவிட நிறைய வாய்ப்பு. கொக்கிப்புழு இன்னும் மோசம்: கிளிசரினில் ஊறி முட்டை கண்ணுக்கே தெரியாமல் போய்விடும், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கலாம் என்று வைத்தால் 'புழு இல்லை' என்றே ரிப்போர்ட் போகும்.

அப்புறம் இதன் ஜோடி, ஸ்பெசிஃபிசிட்டி. 'தனித்தன்மை' என்கிறார்கள், கவிஞரைப் பாராட்டுவதுபோல இருக்கிறது. நோய் இல்லாதவரைச் சரியாக விட்டுவிடுவதால் விடுதிறன் என்கிறேன். சீதபேதி உண்டாக்கும் எண்டமீபா ஹிஸ்டாலிடிகா என்ற அமீபாவின் சிஸ்ட்டும் (உறை மூடிய உறங்குநிலை), பொதுவாகத் தொந்தரவு தராத அதன் உறவு அமீபா டிஸ்பாரின் சிஸ்ட்டும் நுண்ணோக்கியில் அச்சு அசல் ஒன்றுதான். சிஸ்ட்டைக் கண்டதும் அமீபியாசிஸ், அதாவது அமீபா நோய், என்று எழுதினால், விடவேண்டியவரும் மாத்திரை விழுங்குவார்.

---

பிடிதிறன் நன்றாகவே இருக்கிறது. விடுதிறன் மட்டும் வேண்டாம் ஐயா. 'கோட்டை விட்டான்' என்று பேசுகிற நம் ஊரில், விடுதிறன் அதிகம் என்றால் நிறையத் தவறவிடும் லேப் என்றுதான் அர்த்தமாகும். விலக்குதிறன் எப்படி?

இன்னொன்று, உங்கள் 24 கணக்கு. எவ்வளவு குறைவாக இருந்தாலும் காட்டும் என்பதும், நூறு பேரில் எத்தனை பேரைப் பிடிக்கும் என்பதும் வேறு வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் சென்சிடிவிட்டி என்கிறார்கள் என்பதற்காக நாமும் குழப்ப வேண்டுமா? முதலாவதற்குக் 'கண்டறி எல்லை' என்று வைத்துவிடலாம்.

---

சரி, கண்டறி எல்லைக்கு 24ஐ மாற்றிவிடுகிறேன். விலக்குதிறனைச் சொல்லிப் பார்த்தேன், மதுவிலக்குதான் நினைவுக்கு வருகிறது. ஆனாலும் விடுதிறனுக்கு இது தேவலை.