டாட் போர்டில் அடுத்தடுத்த புள்ளிகளைச் சால்டரால் இணைப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் செருகிப் பார்க்கும் சோதனைப் பலகை) சரியாக இயங்கிய 555 டைமர் ஐசி (நேரத்தைக் கட்டுப்படுத்தும் சில்லு) சுற்று ஒன்றை டாட் போர்டுக்கு (செம்பு வளையமிட்ட துளைகள் வரிசையாக உள்ள பலகை) மாற்றி வருகிறேன். உறுப்புகளின் கால்களைத் துளைகளில் பற்றவைப்பது ஓரளவு கைவந்துவிட்டது. ஆனால் பக்கத்துப் புள்ளியோடு சேர்க்க முயன்றால், சால்டர் (பற்றவைக்க உருக்கும் உலோகக் கலவை) நடுவில் நிற்காமல் ஏதேனும் ஒரு புள்ளியில் உருண்டு திரண்டுவிடுகிறது. இன்னும் சூடாக்கினால் செம்பு வளையம் பெயர்ந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். சரியான முறை எது?

மறுமொழி 1:
உருகிய சால்டர் செம்பில்தான் படரும். வெறும் பலகையில் ஒட்டாது. இடையில் இருப்பது வெறும் பலகை என்பதால், பரப்பு இழுவிசை அதைச் செம்பின் பக்கமே இழுத்துக்கொள்கிறது. எனவே இது உங்கள் கைக்குறை அன்று. சால்டரைக் கொட்டிப் பாலம் கட்டும் முயற்சியையே விட்டுவிடுங்கள். ரெசிஸ்டரின் காலை உடனே வெட்டாமல், பலகையை ஒட்டி மடித்து, சேர வேண்டிய புள்ளிவரை படுக்கவைத்து, இரு முனைகளிலும் பற்றவையுங்கள். கால் எட்டாத இடங்களுக்கு வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி போதும். மின்சாரம் கம்பி வழியாகச் செல்ல வேண்டும். அதைப் பிடித்து நிறுத்துவதே சால்டரின் வேலை.

555-இல் ஓர் இடம் கவனத்துக்குரியது. அஸ்டேபிள் (தொடர்ந்து துடிப்புகளைத் தரும்) சுற்றில் 2-ஆம் காலை 6-உடனும், 4-ஆம் காலை 8-உடனும் இணைப்போம். இவ்விரண்டு இணைப்புகளும் ஐசியின் அடியில் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால், ஒன்றுக்காவது உறையிட்ட கம்பியைப் பயன்படுத்துங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும், 2.54 மி.மீ. இடைவெளியில் உள்ள இரண்டே புள்ளிகளுக்குக் கம்பி கட்டாயமில்லை. இரண்டிலும் தனித்தனியே சால்டர் இட்டு முழுவதும் ஆறவிட்டு, பிறகு நடுவில் சால்டரிங் அயர்னின் முனையை வைத்துச் சிறிது சால்டர் சேர்த்து உடனே எடுத்துவிட்டால் பாலம் நிற்கும்.

வளையம் பெயரக் காரணம், செம்பைப் பலகையோடு பிடித்திருக்கும் பசை நீடித்த சூட்டில் தளர்வதுதான். 60/40 சால்டர் (60% வெள்ளீயம், 40% ஈயம்) சுமார் 190 டிகிரி செல்சியஸில் முழுவதும் உருகிவிடும். முனை 320 முதல் 350 டிகிரிவரை இருந்தால், காலையும் வளையத்தையும் சேர்த்துத் தொட்டு இரண்டு மூன்று விநாடிகளில் வேலையை முடித்துவிடலாம். அதற்குள் பிடிக்கவில்லையெனில் மேலும் அழுத்தாமல் ஆறவிடுங்கள். பெரும்பாலும் முனையோ செம்போ கறுத்திருக்கும், அதைத் துடைத்துச் சிறிது பிளக்ஸ் (சால்டர் நன்கு படரக் கறையை நீக்கும் பொருள்) தடவினாலே சரியாகும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. 2–6 இணைப்புக்கு உறையிட்ட கம்பியையே இடுகிறேன். ஐசியை நேரடியாகப் பற்றவைக்கலாமா?

மறுமொழி 1:
வேண்டாம், சாக்கெட்டைப் பற்றவையுங்கள். ஐசியைச் செருகும் முன், மின்னிணைப்பு இல்லாத நிலையில், 1-ஆம் காலுக்கும் 8-ஆம் காலுக்கும் இடையே குறுக்குச்சுற்று இல்லை என்பதை மல்டிமீட்டரால் உறுதிசெய்துகொள்ளுங்கள்.