பட்டறைக்கு தோஷ் (மலேசிய வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகா) வந்தால் என்ன பார்க்கிறார்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

டயர்க்கடை, சுங்கை சிப்புட்:
போன வாரம் நம் கடைக்கு தோஷ் அதிகாரிகள் வந்து போனார்கள். அதிலிருந்து போன் போடுகிறவர்கள் எல்லாம் கேட்பது ஒரே கேள்வி, "எத்தனை வெள்ளி சம்மன்?" சம்மன் இல்லை, இரண்டு நோட்டீஸ். அதில் ஒன்றே போதும், கடை பாதி படுத்துவிட்டது.

வந்ததும் நேராக கம்ப்ரஸர் பக்கம் போனார்கள். டாங்கில் பி.எம்.டி. நம்பர் தட்டு, அதாவது இலாகா கொடுத்த பதிவு நம்பர் தட்டு, எங்கே என்றார் பெரியவர். தீபாவளிக்குக் கடையைச் சுத்தம் செய்தபோது என் தம்பி டாங்கு முழுக்கப் பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டான், தட்டும் அதற்குள் போய்விட்டது. அவர் மோட்டார் சைக்கிள் சாவியால் பொறுமையாகச் சுரண்ட, நம்பர் தெரிந்தது, ஆனால் தகுதிச் சான்றிதழ் காலாவதி. அடியில் இருக்கும் வால்வைத் திறந்தார், கோப்பிக் கலரில் துருத்தண்ணீர் கொட்டியது. உள்ளே துரு அரித்துத் தகடு மெலிந்தால் டாங்கு வெடிக்கும் என்றார், அதற்கு மேல் நான் என்ன பேச? சான்றிதழ் வரும்வரை டாங்கைத் தொடக்கூடாது என்று தடை நோட்டீஸ். கிரைண்டருக்குக் காப்பு இல்லாததற்கு இன்னொரு நோட்டீஸ், அதைச் சரிசெய்யத் தேதி கொடுத்தார்கள். செம்பனை ஏற்றும் லோரிகள் எல்லாம் இப்போது எதிர்க்கடையில்.

முறுக்கு அக்கா:
தம்பி, உங்களுக்காவது அதிகாரி வந்தார், எங்களுக்கு அவருக்கு முன்னாலேயே ஒரு ஏஜென்ட் வந்துவிட்டான். 2024 ஜூன் 1 முதல் சட்டம் மாறிவிட்டது, அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளி ஆகிவிட்டது என்று சொல்லி என் வீட்டுக்காரருக்கு வேர்க்க வைத்து, ஒரு ஃபைலும் நாலு ஸ்டிக்கரும் காட்டி ஆயிரக்கணக்கில் கேட்டான். சட்டம் பொய்யில்லை. 1994 வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தம், முதலாளி கடமை தவறினால் அதுதான் உச்ச அபராதம். ஆனால் அது கோர்ட்டுக்குப் போய் குற்றம் உறுதியானால் நீதிபதி போடக்கூடிய உச்சம், வாசலில் வந்து நிற்கிறவர் எழுதிக் கொடுக்கும் பில் இல்லை. இதை மட்டும் அவன் சொல்லவே இல்லை!

அப்புறம், அஞ்சு பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருந்தால், ஏன், அஞ்சு பேர் இருந்தாலே, பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நம் ஆட்களிலிருந்தே நியமிக்க வேண்டும். மாவு மெஷின் பார்க்கும் பெண்ணைப் பயிற்சிக்கு அனுப்பினேன். திரும்பி வந்த முதல் நாளே எண்ணெய்ச் சட்டிப் பக்கம் சிலிப்பரோடு நின்ற என்னையே விரட்டினாள்.

பலகைத் தொழிலாளி:
முதலாளிகளே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் முன்பு வேலை பார்த்த மர ஆலையில் வாள் என் இரண்டு விரலைக் கிழித்தது. வீட்டில் தேங்காய் உரிக்கும்போது பட்டது என்று டாக்டரிடம் சொல்லச் சொன்னார் தவுக்கே, எங்கள் முதலாளி. நாலு நாளுக்கு மேல் ஆள் வேலைக்கு வர முடியாவிட்டால் இலாகாவுக்கு அவர் தெரிவித்தாக வேண்டும், அதுதான் பயம். வேலையில் பட்டது என்று நான் உண்மையைச் சொன்னதால்தான் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பணம் கிடைத்தது. இப்போதைய திருத்தத்தில் உடனடி ஆபத்து என்று தெரிந்தும் முதலாளி அதை நீக்காவிட்டால் தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம் என்றும் இருக்கிறது, அதை எந்த ஆபீஸ் சுவரிலும் ஒட்டி நான் பார்த்ததில்லை.

டயர்க்கடை, சுங்கை சிப்புட்:
அக்கா, அந்தப் பயிற்சி எங்கே நடந்தது, தமிழிலோ மலாயிலோ சொல்லிக் கொடுத்தார்களா? என் தம்பியை அனுப்பலாம் என்று பார்க்கிறேன், பெயின்ட் டின்னைப் பூட்டி வைத்துவிட்டு.