வீட்டில் வைத்துக்கொள்ள சைக்கிள் ரிப்பேர் டூல்ஸ்: எதை வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. எங்கள் தெருமுனை சைக்கிள் கடைக்காரர் வயதாகிக் கடையை மூடிவிட்டார். இனி சின்ன வேலைகளை வீட்டிலேயே பார்க்க ஆசை. பட்ஜெட் 1,500 ரூபாய்.

வீட்டில் இரண்டு சைக்கிள். அப்பாவுடையது 28 இன்ச் கறுப்பு வண்டி. வால் டியூப் (சின்ன ரப்பர் குழாய்) போட்ட பழைய வால்வு, காட்டர் பின் (தண்டை அச்சோடு இறுக்கும் ஆணி) வைத்த பெடல் தண்டு. மகளுடையது 26 இன்ச் கியர் சைக்கிள். மோட்டார் பைக்கில் இருக்கிற அதே வால்வு. இரண்டுக்கும் பொருந்துகிற, காலால் மிதித்துப் பிடிக்கும் பம்ப் எது நல்லது?

பஞ்சர் சாமான்கள், பிளாஸ்டிக் டயர் லீவர், 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ, செயின் ஆயில் எல்லாம் பட்டியலில் ஏறிவிட்டன. 15 மி.மீ. ஸ்பேனர் இருக்கிறது, ஆனால் தடிமன் அதிகம். பெடலுக்கும் தண்டுக்கும் நடுவே நுழைய மறுக்கிறது. (இடது பெடலுக்கு மரை தலைகீழ், அது தெரியும்.) மெல்லிய ஸ்பேனர் தனியாகக் கிடைக்குமா?

பெரிய குழப்பம் செயின் கட்டரில்தான் (செயின் ஆணியைத் தள்ளிக் கழற்றும் கருவி). விலை மலிவானதில் அந்தத் தள்ளும் பின் சீக்கிரம் வளைந்துவிடும் என்கிறார்கள். பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள். அப்புறம், காட்டர் பின்னைச் சுத்தியலால் தட்டினால் மரை நசுங்குகிறது. நசுங்காமல் கழற்ற என்ன வழி?

சென்னை ரத்தன் பஜார் பக்கம் சில்லறையாக வாங்கியவர்கள் இருந்தால் விலையும் சொல்லுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.