ஏரித் தீவுகளுக்கு நடுவே நாட்டு எல்லையை எப்படி அளந்தார்கள்?

கேள்வி (ஹட்டன், ஆசிரியை):
தரம் 10க்குப் புவியியல் எடுக்கிறேன். கனடா, அமெரிக்கா எல்லை வரைபடத்தைப் பார்த்துவிட்டு, காசல்ரீ நீர்த்தேக்கம் பக்கமிருந்து வரும் பிள்ளை கேட்டாள்: “தண்ணிக்குள்ள கல் நட ஏலாதே டீச்சர், அப்ப எல்லை எங்க இருக்கு? ஏன் தீவுகளைச் சுத்திப் போகுது?” தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (பண்டாரவளை, ஓய்வுபெற்ற நில அளவையாளர்):
நல்ல கேள்வி டீச்சர். கனடா அப்போது பிரித்தானியாவின் கையில். அமெரிக்காவோடு அது செய்த 1783 பாரிஸ் உடன்படிக்கை “ஏரிகளின் நடுவே” என்று எழுதியதோடு சரி. கையில் இருந்தது 1755இல் மிட்செல் போட்ட வரைபடம். சுப்பீரியர் ஏரியில் அது காட்டிய பிலிப்போ தீவுக்கு வடக்கே எல்லை போகும் என்று உடன்படிக்கையே சொல்கிறது. அப்படியொரு தீவே கிடையாது! இடத்தை மிதிக்காமல் பிளான் கீறக்கூடாது என்று நான் கத்துவது இதனால்தான்.

இரு நாடுகளும் மறுபடி சண்டை போட்டு முடித்த 1814 கென்ட் உடன்படிக்கைக்குப் பிறகுதான் அளக்கப் போனார்கள். எல்லையைத் தீர்மானிக்க ஆளுக்கொரு ஆணையாளர்: அமெரிக்க ஆணையாளர் பீட்டர் போர்ட்டர். பிரித்தானிய ஆணையாளர் ஜோன் ஒகில்வி 1819இல் காய்ச்சலில் இறந்தார், அவர் இடத்துக்கு அந்தனி பார்க்லே வந்தார். டேவிட் தொம்சன் பிரித்தானியத் தரப்பில் அளந்தவர்.

தண்ணீரைத் தாண்டி அளக்க, கரையில் ஒரு அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளப்பார்கள். அதன் இரண்டு முனையிலிருந்தும் தீவிலுள்ள குறியைப் பார்த்துக் கோணம் எடுத்தால் தூரம் கணக்கில் வந்துவிடும். பள்ளத்தாக்குக்கு எதிரே உள்ள மலையை நாங்கள் பிடிப்பதும் அப்படித்தான்.

கோடு வளைவதற்குக் காரணம், எந்தத் தீவையும் வெட்டுவதில்லை என்று ஆணையாளர்கள் ஒத்துக்கொண்டதுதான். அவர்களின் 1822 தீர்ப்பில் ஒன்டாரியோ ஏரி முடியும் இடத்திலுள்ள வுல்ஃப் தீவு பிரித்தானியாவுக்கு, நயாகரா ஆற்றின் கிராண்ட் தீவு அமெரிக்காவுக்கு. வீடு ஒரு பக்கம், கிணறு மறு பக்கம் என்று பிரிந்த தோட்டத்துக் காணிச் சண்டைகளைப் பார்த்தவன் நான். அந்த முடிவு மனிதத்தனமானது.

பதில் (நானுஓயா):
எல்லாத் தீவும் அப்போதே முடிந்ததா அண்ணே?

பதில் (பண்டாரவளை):
இல்லை தம்பி. சென் மேரிஸ் ஆற்றிலுள்ள சுகர் தீவு யாருக்கு என்று இருவரும் ஒத்துவரவில்லை. 1842 உடன்படிக்கையில்தான் அமெரிக்காவுக்குப் போனது.

கேள்வி (ஹட்டன்):
அப்ப கல்?

பதில் (பண்டாரவளை):
கல் கரையில் இருக்கிறது டீச்சர். 1908 உடன்படிக்கைக்குப் பின், கரைக் கற்களிலிருந்து ஏரிக்குள் திரும்புபுள்ளிகளைக் கணித்து, நேர்கோடுகளால் இணைத்தார்கள். பிள்ளைகளிடம் அதே எல்லையில் கிழக்கே உள்ள மெம்ஃப்ரமேகொக் ஏரியையும் காட்டுங்கள். அங்கே எல்லை 45ஆம் அகலக்கோட்டை ஒட்டிப் போவதால் ப்ரொவின்ஸ் தீவு இரண்டு நாட்டுக்கும் பிரிந்தே கிடக்கிறது.