வேலை இல்லாத நேரத்தில் கார்டு கடன்: தவணையா, செட்டில்மென்ட்டா?

வணக்கம் நண்பர்களே. கோவையில் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஆட்குறைப்பு செய்ததில் என் வேலை போய்விட்டது. கிரெடிட் கார்டில் 1,40,000 ரூபாய் பாக்கி. மாத வட்டி 3.5 சதவீதம், அதற்கு மேல் ஜிஎஸ்டி. மினிமம் தொகை கட்டினால் அசல் குறைவதே இல்லை.

வசூல் ஆட்கள் இரவு 9 மணிக்கு ஊரில் இருக்கும் அப்பாவுக்கு போன் போட்டு மிரட்டுகிறார்கள். அவருக்கு ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு, அதுதான் பயமாக இருக்கிறது. மாலை 7 மணிக்குப் பிறகு கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்துவிட்டேன். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனிடம் (வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போவேன்.

பாக்கியைத் தவணையாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்கவா, பேசிக் குறைத்த ஒரு தொகையைக் கட்டிக் கணக்கை முடிக்கும் செட்டில்மென்ட்டுக்குப் போகவா? சிபிலில், அதாவது என் கடன் வரலாற்றுப் பதிவில், 'செட்டில்டு' என்று விழுந்தால் அடுத்த வேலைக்குச் சிக்கல் வருமா? பேசி முடித்தவர்கள் வங்கியிடம் என்ன கடிதம் வாங்கிக்கொண்டு பணம் கட்டினீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள்.