செராமா: வளர்ப்பவருக்கு ஒரு விலை, வாங்குபவருக்கு ஒரு விலை சரியா?

பட்டர்வொர்த்_சேவல்:
புக்கிட் மெர்த்தாஜாமில் இருக்கும் தம்பி ஒருவர் என் செராமா (நம் மலேசியாவின் குட்டிக் கோழி இனம்) வம்சத்தில் ஒரு சேவலும் இரண்டு பெட்டைகளும் கேட்டிருக்கிறார். மூன்றுமே போட்டித் தரம். மூன்றும் சேர்த்து 300 வெள்ளிக்கு (ரிங்கிட்) தருகிறேன் என்றேன். நிபந்தனை ஒன்றுதான்: முதல் அடையில் பொரிப்பவற்றில் எனக்குப் பிடித்த இரண்டு குஞ்சுகளை எடுத்துக்கொள்வேன். இதைக் கேள்விப்பட்டவர்கள், "1,200க்குக் குறைத்தால் சந்தை கெட்டுவிடும்" என்று கோபித்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், வளர்த்துப் பெருக்கப் போகிறவருக்கு ஒரு விலை, போட்டி மேசையில் நிறுத்திக் கோப்பை வாங்க மட்டும் கேட்பவருக்கு வேறு விலை. இதில் என்ன தவறு?

கோம்பாக்வாசி:
தவறு இருக்கிறது அண்ணே. செராமா அச்சில் வார்த்த மாதிரி குஞ்சு தராது. ஒரு குஞ்சு உள்ளங்கையில் அடங்கும். அதன் கூடப்பிறந்தது அரைக் கிலோவைத் தாண்டிவிடும். நெஞ்சை நிமிர்த்தி, வால் நேராக நின்று, சிறகு தரையைப் பார்த்துச் செங்குத்தாக இறங்கி, மேசையில் மிரளாமல் நடக்கும் ஒன்று கிடைக்க எத்தனை குஞ்சுகளுக்குத் தீனி போடுகிறோம்? அந்தச் செலவு முழுவதையும் அந்த ஒன்றின் விலைதான் தாங்க வேண்டும். 300க்குக் கொடுத்தால் மீதியை நீங்கள் கையிலிருந்து போடுகிறீர்கள். உங்களால் முடியும். மாதச் சம்பளத்தில் வளர்க்கிறவனால் முடியுமா? அப்புறம், மலிவாக வாங்கிப் போனவர் அடுத்த வாரமே படமெடுத்துப் போட்டு மூன்று மடங்குக்கு விற்பதையும் நாம் பார்க்காமல் இல்லை.

அடைகோழி:
கோம்பாக் தம்பி, உங்கள் வட்டாரத்தில் நடந்ததையே நினைத்துப் பாருங்கள். 2006 பிப்ரவரியில் கோம்பாக், செத்தாப்பாக் கம்பங்களில் (கிராமங்களில்) எச்5என்1 பறவைக் காய்ச்சல் வந்தபோது சுற்றியிருந்த வீட்டுக் கோழிகளையும் அழித்தார்கள். அதற்கு முன் 2004இல் கிளந்தானில். செராமா உருவான மண்ணே அதுதான். நோயைத் தடுக்க வருகிற அதிகாரி இது குழம்புக் கோழியா, கோப்பை வாங்கிய சேவலா என்று பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. வம்சம் முழுவதையும் ஒரே கொட்டகையில் பூட்டி வைத்திருப்பவருக்கு அன்றோடு எல்லாம் முடிந்தது. நிபோங் திபாலில் ஒரு சோடி, ஈப்போவில் ஒரு சோடி என்று கொடுத்து வைத்தவர் கேட்டு வாங்கி மறுபடி தொடங்கலாம். அண்ணன் விட்டுக்கொடுக்கும் 900 வெள்ளி அதற்கான காப்புறுதி என்று நான் பார்க்கிறேன்.

கோம்பாக்வாசி:
நோயைச் சொல்லித்தானே அக்கா நானும் பயப்படுகிறேன்? கை மாறும் பறவையோடு நோயும் மாறும். கட்டி நோய் தரும் மாரெக் கிருமி உள்ள கோழி பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அதன் இறகுத் தூசியிலேயே மற்றவற்றுக்குப் பரவும். தடுப்பூசி போட்டாலும் கட்டி வராமல் காக்குமே தவிர கிருமி பரவுவதை நிறுத்தாது. இங்கே புதுப் பறவையை ஒரு மாதம் தனியாக வைக்கிறவர் எத்தனை பேர்? பகிர்ந்தே ஆக வேண்டுமென்றால் முட்டையாகக் கொடுங்கள். மாரெக் முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகாது.

அடைகோழி:
மாரெக் போகாது, சரி. சளி நோய் தரும் மைக்கோபிளாஸ்மாவும் வெள்ளைக் கழிச்சல் தரும் சால்மொனெல்லாவும் முட்டைக்குள்ளேயே போகும். ஆகையால் முட்டையோ கோழியோ, தாய்க்கூட்டம் எப்படி இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்க்காமல் வாங்கக் கூடாது. மாரெக் தடுப்பூசிக் குப்பி பெரும்பாலும் ஆயிரம் குஞ்சுகளுக்கு என்று வருகிறது. கலக்கிவிட்டால் சில மணி நேரத்தில் வீண். பத்துக் குஞ்சு பொரிக்கும் ஒருவர் தனியாக வாங்கினால் கட்டுப்படியாகுமா? பக்கத்தில் இருக்கும் நாலு பேர் ஒரே நாளில் பொரிக்கும்படி அடை வைத்து ஒரு குப்பியைப் பிரித்துக்கொள்ளலாம். ஒருவருக்கொருவர் பகையாக விலை வைத்துக்கொண்டிருந்தால் இதெல்லாம் நடக்குமா?

புதுவளர்ப்பு:
வாங்குகிறவன் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள். "போட்டித் தரம்" என்று சொல்லி ஒருவர் எனக்கு ஒரு சோடி விற்றார், நல்ல விலைக்கு. அப்போது அவை இறகுகூட முளைத்து முடியாத குஞ்சுகள். வளர்ந்தபின் சேவலின் வால் சாய்ந்துவிட்டது, சிறகும் இறங்கவில்லை. கேட்டால் "வளர்ப்பில் குறை" என்கிறார். 300 கேட்டாலும் 1,200 கேட்டாலும் நான் வாங்குவது இன்னதென்று எனக்குத் தெரிய வேண்டாமா?

பட்டர்வொர்த்_சேவல்:
தம்பி கேட்பதுதான் நியாயம். நாலைந்து மாதம் ஆகாமல் எந்தச் செராமாவையும் போட்டித் தரம் என்று சொல்லக் கூடாது. குஞ்சை விற்றால் குஞ்சு விலைக்கு விற்கட்டும். மேசையில் நின்று காட்டிய சேவலுக்குக் கூடுதல் கேட்கட்டும். அதன் குஞ்சுகளையும் கண்ணால் காட்ட முடிந்தால் இன்னும் கேட்கட்டும். நானே கொடுத்து வாங்குவேன்.

இன்னொன்று, எனக்கு உண்மையில் கோபம் வரும் விஷயம். சேவலை ஆயிரத்துக்கு விற்பார்கள். அதன் அக்கா தங்கைகளை மட்டும் வெளியே விடமாட்டார்கள். வாங்கியவர் கிடைத்த பெட்டையோடு சேர்த்து, ஓர் ஆண்டு வீணாக்கி, மறுபடி அவரிடமே வந்து நிற்க வேண்டும். சில நேரம் குட்டைக்கால் சேவலுக்கு அதேபோல் குட்டைக்கால் பெட்டையையே சோடி சேர்த்துக் கொடுப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தக் குட்டைக்கால் மரபணு இரு பக்கமும் இருந்தால் கருவில் நாலில் ஒரு பங்கு ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகும். ஜப்பானிய பாண்டம் வளர்த்தவர்களுக்கு இது பழைய பாடம். தெரிந்தும் சொல்லாமல் விற்பதை நான் வியாபாரம் என்று சொல்ல மாட்டேன். சேவலோடு பெட்டையும், எந்தக் காலுக்கு எந்தக் கால் என்ற விவரமும் சேர்த்துக் கொடுத்தால்தான் கொடுத்ததாக அர்த்தம்.

கோம்பாக்வாசி:
கால் விவரம் சொல்லியே ஆக வேண்டும், குஞ்சைத் தரம் சொல்லி விற்கக் கூடாது, இரண்டையும் முழுமனதாக ஏற்கிறேன். விலையில் மட்டும் நான் இறங்கப் போவதில்லை. வளர்த்த சேவல் என்னிடம் 1,000தான், பெட்டை 400. பெட்டையை நான் ஒளிப்பவன் இல்லை, கேட்டால் தருவேன். ஒன்று மட்டும் சொல்லுங்கள் அண்ணே, புக்கிட் மெர்த்தாஜாம் தம்பி ஆறு மாதத்தில் மூன்றையும் விற்றுவிட்டால் என்ன செய்வீர்கள்?

பட்டர்வொர்த்_சேவல்:
விற்பதற்கு முன் என்னிடம் கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கொடுத்த 300ஐத் திருப்பிக் கொடுத்து நானே எடுத்துக்கொள்வேன். கேட்காமல் விற்றால் என் கூண்டிலிருந்து அவருக்கு இனி ஒரு முட்டைகூடப் போகாது. சனிக்கிழமை காலையில் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். தனிக் கூண்டு தயாரானதைப் படம் எடுத்து அனுப்பினால்தான் கொடுப்பேன்.