வாயிற்சிரைக் குறுக்குத்தடம்: ‘புறவழி’ ஏன் பொருந்தாது?

வணக்கம்.

குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வாயிற்சிரை திரட்டிவரும் இரத்தம், பிறவியிலேயே அமைந்துவிட்ட ஓர் இணைப்பின் வழியே, கல்லீரலுக்குள் செல்லாமல், இதயத்துக்குச் செல்லும் கீழ்ப்பெருஞ்சிரையில் கலந்துவிடும் அரிய குறைபாட்டுக்குப் ‘பிறவிப் புறவழி’ என்ற தமிழ்ப்பெயர் முன்மொழியப்பட்டுள்ளது. அதை ஏற்கத் தயங்குகிறேன். புறவழி என்றதும் இதய அறுவை சிகிச்சையில் மருத்துவர் வேண்டுமென்றே அமைக்கும் மாற்றுப்பாதைதான் படிப்பவர் நினைவுக்கு வரும். இங்கோ பாதையே நோய், அதை மூடுவதே சிகிச்சை. கல்லீரலில் மாற்றப்படாமல் தப்பிவரும் அமோனியா மூளையைப் பாதிப்பதும், நுரையீரல் நாளங்கள் கெடுவதும், கல்லீரலில் கட்டிகள் தோன்றுவதும் அதன் விளைவுகள். ‘வாயிற்சிரைக் குறுக்குத்தடம்’ என்றால் இந்த மயக்கம் நேராது.

லண்டன் மருத்துவர் ஜான் அபர்னெத்தி 1793இல் இதை விவரித்ததால் ‘அபர்னெத்தி குறைபாடு’ என்ற பெயரும் உண்டு. அது அப்படியே இருக்கட்டும். ஆனால் கல்லீரலுக்குள் வாயிற்சிரையின் கிளைகளே தென்படாத இதன் முதல் வகையை ‘வாயிற்சிரையின்மை’ என்பது வெறும் சொற்பிழையன்று. படங்களில் தென்படாத உட்கிளைகள், பலூனால் தடத்தைத் தற்காலிகமாக மறித்து நிறமி செலுத்தும்போது மெல்லிய இழைகளாகப் புலப்படுவதுண்டு. கிளைகள் இருந்தால் தடத்தை மூட வழியுண்டு. இல்லவே இல்லை என்று முடிவுகட்டினால் பேச்சு கல்லீரல் மாற்றுக்குப் போய்விடும். எனவே ‘வாயிற்சிரைக் குறைவளர்ச்சி’ என்பதையே நாம் அந்த வகையின் பொதுப்பெயராகக் கொண்டு, ‘இன்மை’ என்ற சொல்லை உறுதிப்பட்ட இடங்களுக்கு மட்டும் ஒதுக்க வேண்டும்.

சிகிச்சைச் சொற்களிலும் சிக்கல் இருக்கிறது. கழுத்துச் சிரை அல்லது தொடைச் சிரை வழியே செலுத்தும் குழாயை ‘வடிகுழாய்’ என்கிறோம். சிறுநீருக்கு அது சரி, இங்கே எதுவும் வடிவதில்லை. ‘செலுத்துகுழாய்’ எனலாம். அதேபோல் ‘அடைப்பு’ என்பது மாரடைப்பால் நோய்ப்பெயராக ஊறிவிட்டதால், உலோகச் சுருளையோ வலையடைப்பானையோ வைத்துத் தடத்தை மறிப்பதைத் ‘தடமூடல்’ என்பதே நல்லது. பலூன் சோதனையில் வாயிற்சிரை அழுத்தம் அளவுமீறி உயர்ந்தால், தடத்தை முதலில் குறுக்கி, உட்கிளைகள் விரிந்த பின்னரே முழுதும் மூடுவார்கள். இதற்குப் ‘படிமுறைத் தடமூடல்’ பொருந்தும். வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவி நுழைத்துச் செய்வதைக் குறிக்கும் ‘நுண்துளை அறுவை’ என்பதை மட்டும் இந்தக் குறைபாடு பற்றிய பதிவில் தவிர்த்துவிடலாம், இங்கே வயிற்றறைக்குள் கருவி எதுவும் நுழைவதில்லை. ‘குழாய்வழிச் சிகிச்சை’ போதும்.